ஓய்வு பெற்றது வண்டியா, கம்பியா?

ரயில் வண்டிகளின் "கடைசி ஓட்டம்" பற்றி வரும் செய்திகளையும் கட்டுரைகளையும் கொஞ்ச காலமாகச் சேர்த்து வைத்துக்கொண்டு வருகிறேன். எந்த ஊர், எந்த வருஷம் என்று மறைத்துவிட்டுப் படித்தால் எல்லாம் ஒரே கட்டுரைதான். வண்டியின் முகப்பில் வாழைமரம், மாலை. ஓட்டுநருக்கு ஒரு சால்வை. "முப்பது வருஷமா இதுலதான் போறேன்" என்று ஒரு பயணி. கடைசி வரியில் வண்டி "பிரியாவிடை பெற்றது", இல்லாவிட்டால் "நீண்ட சேவைக்குப் பின் ஓய்வு பெற்றது".

இந்த "ஓய்வு" என்ற சொல்மேல்தான் எனக்கு வழக்கு. 58 வயசாயிற்று, உடம்பு தளர்ந்துவிட்டது, போய்வருகிறேன் என்று ஒரு குமாஸ்தா கிளம்புவதுபோல ஒரு காட்சியை அது நம் மனசில் வைத்துவிடுகிறது. அதைப் படித்தவர் வண்டி ஏன் போனது என்ற கேள்வியையே கேட்க மாட்டார். வயசாச்சு, போச்சு. அவ்வளவுதானே?

அவ்வளவு இல்லை என்று நினைக்கிறேன். நம்ம ஊர் பீச்–தாம்பரம் மீட்டர் கேஜ் மின்சார வண்டியை வைத்தே இதைப் பார்த்துவிடலாம். அந்த ஒரு பாதையில் இரண்டு தலைமுறை வண்டிகள் ஓடி முடிந்திருக்கின்றன. இரண்டுக்கும் நாள் குறித்தது வயசு இல்லை. முதல் தலைமுறையை அனுப்பியது தலைக்கு மேலே போகும் கம்பி. இரண்டாவதை அனுப்பியது காலுக்குக் கீழே இருக்கும் தண்டவாளம்.

முதலில் 1931. தென்னிந்திய ரயில்வே கம்பெனியின் காலம். அந்த வருஷம் மே 11-ஆம் தேதி பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார வண்டி பொதுமக்களுக்காக ஓட ஆரம்பித்தது. பாதை மீட்டர் கேஜ், அதாவது இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே 1000 மில்லிமீட்டர். மின்சாரம் 1500 வோல்ட் டி.சி., நேர்மின்னோட்டம். அப்போது நகரம் தெற்கே நீள ஆரம்பித்திருந்த நேரம். மாம்பலம் ஏரி மண் மூடி தியாகராய நகராக மாறிக்கொண்டிருந்தது. தாம்பரத்தில் காசநோய் சானடோரியம் வந்து மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. கிறிஸ்தவக் கல்லூரி தாம்பரத்துக்குக் குடிபோனது 1937-இல். காலையில் பாரிமுனையில் ஆபீஸ், ராத்திரி பல்லாவரத்தில் தூக்கம் என்கிற வாழ்க்கை மெட்ராஸ்காரர்களுக்குச் சாத்தியமானதில் இந்தக் கம்பிக்குப் பெரிய பங்கு உண்டு. என் பெரியப்பா கடைசிவரை அதைக் "கரண்ட் வண்டி" என்றுதான் சொன்னார். நீராவி எஞ்சின் இழுத்துப்போன வண்டியில் இருந்து பிரித்துச் சொல்ல அந்தத் தலைமுறைக்கு அந்தப் பேர் தேவைப்பட்டது.

ஏன் 1500 வோல்ட், ஏன் டி.சி.? இந்தக் கேள்வியைத்தான் கடைசி ஓட்டக் கட்டுரைகள் ஒருநாளும் கேட்பதில்லை. மெதுவாகக் கிளம்பி, பலமாக இழுத்து, பிறகு வேகம் பிடிக்கும் வேலைக்கு அன்றைக்குக் கைவசம் இருந்த நல்ல மோட்டார் டி.சி. சீரீஸ் மோட்டார். அதற்கு டி.சி. வேண்டும். பவர் ஹவுஸில் இருந்து வருவதோ ஏ.சி. (இங்கே ஏ.சி. என்றால் மாறுமின்னோட்டம். குளுகுளு ஏ.சி.க்குக் கடைசியில் வருகிறேன்.) அதை வண்டிக்குள்ளேயே டி.சி.யாக மாற்ற அந்தக் காலத்துச் சாமான்கள் தோதுப்படாது. பாதையோரம் கட்டடம் கட்டி, அங்கேயே மாற்றி, கம்பியில் டி.சி.யாக ஏற்றிவிட்டார்கள். 1925-இல் பம்பாயிலும் இதே 1500 வோல்ட் டி.சி.தான். அதே வருஷம் படாவியாவிலும், அதாவது இன்றைய ஜகார்த்தாவிலும், இதேதான். இதைப் "பழைய தொழில்நுட்பம்" என்று இன்றைக்கு ஒரு வரியில் தள்ளிவிடுகிறோம். அன்றைக்கு அது சரியான முடிவு.

ஆனால் அந்த முடிவுக்கு ஒரு விலை இருந்தது. கணக்கு சின்னது, போட்டுப் பார்க்கலாம். ஒரு வண்டி கிளம்பும்போது ஆயிரம் கிலோவாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1500 வோல்ட்டில் அதற்குக் கிட்டத்தட்ட 670 ஆம்பியர் வேண்டும். அதே சக்தியை 25,000 வோல்ட்டில் எடுத்தால் 40 ஆம்பியர் போதும். 670 ஆம்பியர் என்றால் தடித்த செம்புக் கம்பி, கம்பியில் நிறைய இழப்பு, சில கிலோமீட்டருக்கு ஒன்றாகத் துணை மின்நிலையம். 40 ஆம்பியர் என்றால் மெல்லிய கம்பி, இருபது முப்பது கிலோமீட்டருக்கும் மேலே தள்ளித் தள்ளித் துணை மின்நிலையம். பீச்சிலிருந்து தாம்பரம் வரைக்கும் என்றால் விலை தாங்கும். தாம்பரத்தைத் தாண்டி விழுப்புரம் வரைக்கும் போக வேண்டும் என்றால் தாங்காது.

இந்திய ரயில்வே 25,000 வோல்ட் ஏ.சி. என்று 1957-இல் முடிவு செய்தது. பிரெஞ்சுக்காரர்கள் செய்து காட்டிய முறை அது. வேடிக்கை என்னவென்றால், அதே 1957 டிசம்பரில்தான் ஹவுராவில் 3000 வோல்ட் டி.சி.யில் புறநகர் வண்டியை நேரு தொடங்கி வைத்தார். பிறக்கும்போதே நாள் குறிக்கப்பட்ட வண்டி அது. அறுபதுகள் முடிவதற்குள் அங்கேயும் கம்பி மாறிவிட்டது.

இங்கே 1965-இல் தாம்பரத்துக்குத் தெற்கே 25,000 வோல்ட் கம்பி வந்தது. வடக்கே பழைய 1500. கொஞ்ச காலம் தாம்பரம் ஒரு எல்லைச் சாவடி மாதிரி. பாதை ஒன்று, மின்சாரம் இரண்டு. 1967 ஜனவரி 15-ஆம் தேதி பீச்–தாம்பரமும் 25,000 வோல்ட்டுக்கு மாறியது. அத்தோடு 36 வருஷம் ஓடிய டி.சி. வண்டிகளின் கதை முடிந்தது.

அந்த நாளைப் பற்றி வீட்டுப் பெரியவர்கள் நாலைந்து பேரிடம் விசாரித்தேன். ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. பிறகுதான் உறைத்தது: மூன்று நாள் முன்னால், ஜனவரி 12-ஆம் தேதி, எம்.ஜி.ஆரை எம்.ஆர்.ராதா சுட்டிருந்தார். எம்.ஜி.ஆர். படுத்திருந்த பொது மருத்துவமனை பார்க் ஸ்டேஷன் பக்கத்தில்தான். ஜனம் அங்கே அழுதுகொண்டிருந்தது. பொங்கல் வேறு. அடுத்த மாசம் தேர்தல் வேறு. ஸ்டேஷனுக்கு மேலே போகும் கம்பியில் என்ன ஓடுகிறது என்று யார் பார்த்திருப்பார்கள்!

இப்போது என் வழக்கின் மையத்துக்கு வருகிறேன். அந்த டி.சி. வண்டிகளுக்கு வயசாகவில்லை என்று நான் சொல்லவில்லை. 36 வருஷம் சின்ன வயசு இல்லை. நம் ரயில்வே இரும்புப் பெட்டி ஒன்றுக்கு வைத்திருக்கும் ஆயுள் 25 வருஷம். ஆனால் வயசு மட்டும்தான் காரணம் என்றால் ஒரு "கடைசி நாள்" வராது. வயசான பெட்டிகள் ஒவ்வொன்றாகப் போகும். இந்த மாசம் இரண்டு, அடுத்த வருஷம் நாலு. அந்த இடத்தில் புதுசு வந்து சேரும். பத்து வருஷத்தில் மொத்தமும் மாறியிருக்கும், எவருக்கும் தெரிந்திருக்காது. நம்ம ஊர் மாநகரப் பேருந்துகள் அப்படித்தான் மாறுகின்றன. ஒரு குறிப்பிட்ட தேதியில் ஒரு பாதையின் வண்டிகள் எல்லாமே ஓடாத வண்டிகளாகிவிட்டன என்றால், நேற்று ரிப்பேர் பார்த்து விட்ட பெட்டியும் அன்றைக்கே செல்லாக்காசு என்றால், மாறியது வண்டி இல்லை. வண்டி எதை நம்பி ஓடியதோ அது மாறிவிட்டது.

இன்னும் ஒன்று. டி.சி. போய் ஏ.சி. வந்தது என்கிறோமே, 1967-இல் வந்த அந்த ஏ.சி. வண்டிகளுக்குள்ளே சக்கரத்தைச் சுற்றிய மோட்டார் எது? டி.சி. மோட்டார்தான். கம்பியில் இருந்து 25,000 வோல்ட்டை எடுத்து, வண்டியில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரில் இறக்கி, ரெக்டிஃபையரில் டி.சி.யாக்கி, மறுபடி அதே ஜாதி மோட்டாருக்கே கொடுத்தார்கள். பாதையோரக் கட்டடத்தில் நடந்த வேலை வண்டியின் வயிற்றுக்குள் வந்துவிட்டது. ரெக்டிஃபையர் வண்டியில் தூக்கிப்போகிற அளவுக்குச் சின்னதானதுதான் விஷயம். ஆக, ஓய்வு பெற்றது இழுத்த மோட்டாரும் இல்லை. இழுக்கும் முறை தொண்ணூறுகள் வரை அதேதான்.

இனி இரண்டாவது தலைமுறை. 1967-இல் தொடங்கி 2004 வரை 37 வருஷம். இவற்றில்தான் என் தலைமுறை ஏறி இறங்கியது. மாம்பலத்தில் சாயங்காலம் ஆறரைக்கு ஏறினால் எதிரில் உட்கார்ந்திருப்பவரின் முழங்கால் நம் முழங்காலோடு பேசிக்கொண்டு வரும். மீட்டர் கேஜ் பெட்டியின் அகலம் சுமார் 2.7 மீட்டர். இப்போது ஓடும் அகலப்பாதை மின்வண்டிப் பெட்டி 3.66 மீட்டர். கிட்டத்தட்ட மூன்று அடி வித்தியாசம். மூன்று அடி என்றால் இரண்டு வரிசை ஆள் நிற்கலாம். இந்த மூன்று அடியைப் பற்றிப் பழைய வண்டியைக் கொண்டாடி எழுதுகிறவர்கள் வாயே திறப்பதில்லை. ஜன்னல் காற்று, பூ விற்கும் அம்மா, வேர்க்கடலைப் பொட்டலம் எல்லாம் வரும். மூச்சு முட்டியது வராது.

இந்த இரண்டாவது தலைமுறையை முடித்து வைத்தது "ஒரே அகலம்" திட்டம். 1992-இல் தொடங்கி, நாடு முழுக்க மீட்டர் கேஜை அகலப்பாதையாக்கினார்கள். பீச்–தாம்பரத்தில் கொஞ்ச காலம் இரண்டு அகலமும் பக்கத்துப் பக்கத்தில் ஓடின. 2004 ஜூலையில் மீட்டர் கேஜ் மின்வண்டி நின்றது. மேலே கம்பியில் அதே 25,000 வோல்ட். 1967-இல் தரை அப்படியே இருக்க வானம் மாறியது. 2004-இல் வானம் அப்படியே இருக்கத் தரை மாறியது.

நின்ற வண்டிகள் எங்கே போயிருக்க முடியும்? இந்தியாவில் 25,000 வோல்ட் மீட்டர் கேஜ் பாதை என்று இருந்தது பீச் முதல் விழுப்புரம் வரை இருந்த ஒன்றுதான். அதற்கென்றே ஜப்பானில் இருந்து வரவழைத்த யாம்-1 எஞ்சின்கள் 20. அவற்றுக்கும் வேறு ஊர் கிடையாது. நாட்டில் மீட்டர் கேஜ் மிச்சம் இருந்த இடத்தில் கம்பி இல்லை. கம்பி இருந்த இடத்தில் மீட்டர் கேஜ் இல்லை. உலக வரைபடத்தை விரித்து வைத்துப் பார்த்தால் ஒரு இடம் அகப்படுகிறது: மலேசியா. கோலாலம்பூரைச் சுற்றி ஓடும் கே.டி.எம். கொம்யூட்டர் அதே 1000 மில்லிமீட்டர், அதே 25,000 வோல்ட். 1995-இல் தொடங்கியது. ஆனால் அவர்கள் புத்தம் புது வண்டிகளோடு தொடங்கியிருந்தார்கள், நம்முடையது அறுபதுகளின் வடிவம். இங்கே மட்டும் வயசு குறுக்கே வருகிறது என்று ஒப்புக்கொள்கிறேன். இருபது வருஷம் முன்னால் அந்த இரண்டு ஊர் காலண்டரும் ஒத்துப்போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்க நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான்.

காலண்டர் ஒத்துப்போன ஊர் ஒன்று நிஜமாகவே உண்டு. மேலே சொன்ன ஜகார்த்தா. ஜப்பானிய ரயில்வேயின் அகலம் 1067 மில்லிமீட்டர், தோக்கியோ புறநகர்க் கம்பியில் 1500 வோல்ட் டி.சி. டச்சுக்காரர்கள் ஜாவாவில் போட்டுவிட்டுப் போனதும் அச்சு அசல் அதுவே. திட்டம் போட்டு நடந்த ஒற்றுமை இல்லை. 2000-இல் தோக்கியோ நகராட்சியின் சுரங்க ரயிலில் ஓடிய 6000 வரிசைப் பெட்டிகள் 72 ஜகார்த்தா வந்தன. 2013-இல் இருந்து கிழக்கு ஜப்பான் ரயில்வேயின் 205 வரிசை வர ஆரம்பித்தது. துருப்பிடிக்காத எஃகுப் பெட்டி, எண்பதுகளின் நடுவில் தொடங்கிக் கட்டியது. சைக்கியோ, யோகோஹாமா, நம்பு, முசாஷினோ என்று ஒவ்வொரு பாதையாக விடுவிக்க விடுவிக்க, 2020 வரை மொத்தம் 812 பெட்டிகள் போய்ச் சேர்ந்தன. ஜப்பானில் விசிறிகள் காமிராவோடு நின்று கண்ணீர் விட்டு "ஓய்வு" கொடுத்து அனுப்பிய வண்டி, கப்பலில் ஏறி, தாஞ்சுங் பிரியோக் துறைமுகத்தில் இறங்கி, போகோருக்கு ஜனத்தை ஏற்றிக்கொண்டு போக ஆரம்பித்துவிட்டது. இதை எப்படி ஓய்வு என்பது? நம்ம பாஷையில் டிரான்ஸ்ஃபர்.

அந்தக் கதைக்கும் ஒரு முடிவு வந்தது. அதுவும் வயசால் வரவில்லை. 2023-இல் இன்னும் 348 பழைய பெட்டிகளை ஜப்பானில் இருந்து வாங்க ஜகார்த்தா புறநகர் ரயில் நிறுவனம் அனுமதி கேட்டது. உள்ளூர் ஆலைக்கு வேலை வேண்டும் என்று ஒரு கட்சி, நாளைக் காலைக் கூட்டத்துக்கு வண்டி வேண்டும் என்று ஒரு கட்சி. அரசாங்கம் மறுத்துவிட்டது. உள்ளூர் இன்காவுக்கும் சீனாவின் சி.ஆர்.ஆர்.சி.க்கும் புது வண்டிக்கு ஆர்டர் போனது. இருவர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. பெரம்பூரில் ஐ.சி.எஃப். இருக்கும் ஊரில் உட்கார்ந்துகொண்டு உள்ளூர் ஆலை வேண்டாம் என்று நான் எப்படிச் சொல்வேன்? ஆனால் ஒரு வண்டியின் ஆயுளைத் தீர்மானிப்பது எத்தனை தூரத்தில் இருக்கும் எந்தெந்த மேஜை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

பம்பாய்க்கு வருவோம். கடைசி ஓட்டக் கட்டுரைகளின் குவியலில் பெரிய பங்கு அந்த ஊருடையது. 1925 பிப்ரவரி 3-ஆம் தேதி விக்டோரியா டெர்மினஸில் இருந்து குர்லாவுக்கு ஓடியதுதான் இந்தியாவின் முதல் மின்சார ரயில். 2016 ஏப்ரலில் ஹார்பர் பாதையில் கடைசி டி.சி. வண்டி ஓடியது. 91 வருஷம். "91 வயது வண்டிக்கு விடை" என்கிற தொனியில் எழுதியவர்கள் உண்டு. வண்டிக்கு ஏது 91 வயசு? அந்த வருஷங்களில் எத்தனையோ தலைமுறைப் பெட்டிகள் வந்து போய்விட்டன. 91 வயசு கம்பிக்கு. இன்னும் சரியாகச் சொன்னால் 1500 என்ற எண்ணுக்கு.

சென்னையில் 1967-இல் தேதி குறித்து மாற்றினார்கள். பம்பாயில் அது நடக்காது. ஒரு நாளைக்கு எழுபது லட்சத்துக்கும் மேலே ஆட்கள் போகும் பாதையை ஞாயிற்றுக்கிழமை மூடித் திங்கட்கிழமை திறக்க முடியாது. துண்டு துண்டாக மாற்றினார்கள். மேற்குப் பாதை 2012-இல், மத்திய ரயில்வேயின் பிரதானப் பாதை 2015-இல், ஹார்பர் 2016-இல். நடுவில் ஒரே வண்டி இரண்டு மின்சாரத்திலும் ஓட வேண்டுமே? அதற்காக இரட்டை வண்டிகளை விட்டார்கள். இங்கே பெரம்பூரில் பெட்டி கட்டி, சீமென்ஸ் சாமான் வைத்து, 2007-இல் இருந்து ஓடிய வெள்ளை–ஊதா வண்டிகள் அப்படிப்பட்டவை. ஒரு இடத்தில் ஓட்டுநர் கம்பியில் மின்சாரமே இல்லாத ஒரு துண்டைக் கடப்பார். இந்தப் பக்கம் 1500, அந்தப் பக்கம் 25,000. பயணிக்கு ஒரு நிமிஷம் விளக்கு மங்கினால் உண்டு. இந்த இரட்டை வண்டிதான் உண்மையான கதாநாயகன் என்பேன். அதற்கு எந்தக் கட்டுரையிலும் மாலை விழவில்லை. கம்பி முழுக்க மாறிய மறுநாள் அதன் பாதி உடம்பு வேலையில்லாத சுமை.

கூட ஒன்று. 25,000 வோல்ட் காற்றிலேயே கொஞ்சம் தாவும். கம்பிக்கும் பாலத்துக்கும் நடுவே இடம் கூடுதலாக வேண்டும். 1879-இல் கட்டிய ஹான்காக் பாலத்தை 2016 ஜனவரியில் இடித்தார்கள். தாழ்வான பாலங்களுக்கு அடியில் தண்டவாளத்தைப் பள்ளமாக்கினார்கள். கூரையில் ஏறிப் போகிறவர்களுக்கு இனிமேல் கம்பியைத் தொடவே வேண்டாம், கிட்டே போனாலே போதும் என்று ரயில்வே எச்சரித்துக்கொண்டே இருந்தது. 1500-இல் தப்பித்த பழக்கம் 25,000-இல் தப்பிக்காது. கூரையில் ஏறியவன் கொழுப்பெடுத்து ஏறினான் என்று எழுதுவது சுலபம். உள்ளே இடமிருந்தால் பாதிப் பேர் ஏறியிருக்க மாட்டார்கள். மின்சாரம் மாறுவதால் யார் சாவார்கள் என்பதும் ஒரு வண்டி வரலாற்றின் பாகம்தான். கடைசி ஓட்டக் கட்டுரையில் அதற்கு இடம் இல்லை, மாலைக்கு இடம் இருக்கிறது.

சரி, ஏக்கக் கட்டுரைகளை இவ்வளவு திட்டிவிட்டு ரயில்வேயின் சொந்த அறிக்கைகளை விட்டுவிட்டால் நியாயமாகாது. அது எதிர்ப்பக்கக் குறை. அங்கே கண்ணீர் கிடையாது. மின்சாரம் மிச்சம், மூன்றில் ஒரு பங்கு வரை பிரேக் போடும்போது கம்பிக்குத் திரும்புகிறது, வேகம் கூடுகிறது, துணை மின்நிலையம் குறைகிறது. எல்லாமே நல்ல விஷயம், எல்லாமே முக்கியம். ஆனால் அந்த அறிக்கைகளில் பழைய வண்டி என்பது குறைகளின் மூட்டை. அது ஏன் அப்படி இருந்தது, அன்றைக்கு அது எதற்குப் பதிலாக வந்தது என்பது இல்லை. ஒரு தரப்பு வண்டியைத் தாத்தாவாக்குகிறது, இன்னொரு தரப்பு பழைய இரும்பாக்குகிறது. இரண்டு பேருமே அந்த 1500-ஐயும் அந்த 1000 மில்லிமீட்டரையும் பார்க்கவில்லை.

அதனால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். இருக்கிறது. வண்டி வயசால் போகிறது என்று நம்பினால் அடுத்த வண்டியைத் தீர்மானிக்கும் இடத்தில் நமக்குப் பேச்சே இல்லை என்றாகிவிடுகிறது. வயசை யார் கேள்வி கேட்க முடியும்? ஆனால் கம்பியையும் தண்டவாளத்தையும் கதவையும் கட்டணத்தையும் யாரோ உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள் என்று தெரிந்தால் கேட்கலாம்.

கதவு என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. 2025 ஏப்ரல் 19-ஆம் தேதி சென்னை பீச்–செங்கல்பட்டு பாதையில் முதல் குளிர்சாதன மின்வண்டி ஓட ஆரம்பித்தது. தானாக மூடும் கதவு. நல்ல வண்டி, ஏறிப் பார்த்தேன். மே மாசத்து மத்தியானத்தில் அதை வேண்டாம் என்று சொல்ல நான் சன்னியாசி இல்லை. கட்டணம் சாதா வண்டியைப்போலப் பல மடங்கு. இந்த முறை தண்டவாளமும் மாறவில்லை, கம்பியும் மாறவில்லை. பழைய வண்டியும் புது வண்டியும் ஒரே பாதையில், ஒரே பிளாட்பாரத்தில் நிற்கின்றன. அப்படியென்றால் கதவில்லாத சாதா வண்டிகளுக்கு ஒரு தேதி குறித்துக் "கடைசி நாள்" வர வேண்டிய அவசியமே இல்லை. அவை ஒவ்வொன்றாக, சத்தமில்லாமல், இரண்டு இரண்டாகக் குறையக்கூடிய ஜாதி. மாலையும் இருக்காது, கட்டுரையும் இருக்காது. ஐந்து ரூபாய் டிக்கெட்டில் குரோம்பேட்டையில் இருந்து கிண்டிக்கு வீட்டு வேலைக்குப் போகிற அம்மாவுக்கு ஒருநாள் காலையில் மூன்று வண்டிக்குப் பதிலாக ஒன்றுதான் வரும். அதை எந்தத் தேதியில் எழுதுவது?

அதனால் நான் இப்போது ஒரு வேலை செய்கிறேன். பெட்டியின் முனையில் எந்த ஆலை, எந்த வருஷம் கட்டியது, அடுத்த பெரிய பராமரிப்பு எப்போது என்றெல்லாம் பெயின்டில் எழுதியிருப்பார்கள். வண்டி நிற்கும் அரை நிமிஷத்தில் எது கிடைக்கிறதோ அதைக் குறித்துக்கொள்கிறேன். ஒரு நோட்டில் இரண்டு பத்தி: சாதா, குளிர்சாதனம். எந்த நேரத்துக்கு எது வந்தது என்றும். போன வாரம் கோடம்பாக்கத்தில் இப்படிக் குனிந்து படித்துக்கொண்டிருந்தபோது பின்னால் ஒரு குரல்.

"என்ன சார், பெட்டி வாங்கப் போறீங்களா?"

திரும்பிப் பார்த்தால் கையில் டிபன் பையோடு ஒருவர். விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"எட்டே காலுக்கு வர்றத எழுதிக்கங்க சார். அது நின்னா நான் வேலைக்குப் போக முடியாது."

எழுதிக்கொண்டேன்.